பண்டிகையைக் கேட்காதீர்கள், அதற்கு முந்தின வாரத்தைக் கேளுங்கள்

உங்கள் கேள்வியை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: சிறு வயதில் பள்ளி விடுமுறை வந்தாலே தாத்தா பாட்டி வீட்டில்தான் இருந்திருக்கிறீர்கள். அவர்கள் இருவரும் இப்போது இல்லை. அப்பா அம்மாவுக்கும் எழுபது தாண்டிவிட்டது. அந்த நாட்களைப் பிள்ளைகளுக்காக எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தால், "பாட்டி ரொம்பப் பாசமானவர், தீபாவளி கலகலப்பாக இருக்கும்" என்று நாலு வரியோடு நின்றுவிடுகிறது. எங்கே தொடங்குவது, யாரிடம் என்ன கேட்பது?

சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுப் பதிவு செய்து வைக்கும் வேலையைப் பல வருடங்களாகச் செய்து வருகிறேன். நாலு வரியோடு நிற்பது அநேகமாக எல்லாருக்கும் நடக்கிறது. உங்களுக்கு ஞாபகசக்தி குறைவு என்று நினைக்க வேண்டாம். குழந்தையாக இருந்தபோது நம் கைக்கு வந்தது பண்டிகை மட்டும்தான். அதற்கான வேலை பெரியவர்களிடம் இருந்தது. முறுக்கு டின்னில் இருந்தது, எடுத்துத் தின்றோம். மூலையில் மஞ்சள் தடவிய புதுச்சட்டை மடித்து வைத்திருந்தது, போட்டுக்கொண்டோம். அந்த முறுக்குக்கு மாவு எங்கே அரைத்தார்கள், சட்டைத் துணிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. அந்தப் பாதி உங்கள் அம்மாவிடம், அத்தையிடம், சித்தப்பாவிடம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிச் சேர்த்தால்தான் உங்கள் நாலு வரி நாற்பது பக்கம் ஆகும்.

ஆகவே அம்மாவிடம் போய், "அந்தக் காலத்துல தீபாவளி எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்காதீர்கள். "நல்லா இருக்கும்" என்றுதான் பதில் வரும். "தீபாவளிக்கு முந்தின வாரம் பாட்டி வீட்டுல யார் யார் என்னென்ன செஞ்சாங்க?" என்று கேளுங்கள்.

எங்கள் குடும்பத்தையே எடுத்துச் சொல்கிறேன். என் தாத்தா செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தார். தளத்துத் தொழிலாளர் குடியிருப்பில் வீடு. தமிழர்களும் மலையாளிகளும் நிறைந்த இடம். என் ஞாபகத்தில் தீபாவளி என்றால் பிஸ்கட் டின் நிறைய அச்சு முறுக்கும் நெய் உருண்டையும்தான். பெரிய அத்தையிடம் முந்தின வாரத்தைக் கேட்டபோது வேறொரு தீபாவளி வெளியே வந்தது. அச்சு முறுக்கு அச்சு எல்லார் வீட்டிலும் இருக்காதாம். இருந்தாலும் புது அச்சு உதவாது. மாவு ஒட்டிக்கொள்ளும், பூ கழன்று எண்ணெயில் விழாது. எண்ணெய் ஏறிக் கறுத்த பழைய அச்சுதான் வேண்டும். அதனால் ஒரே பழைய அச்சு குடியிருப்பில் வீடு வீடாகச் சுற்றும். இன்றைக்கு எங்கள் வீடு என்றால் நாளைக்கு எதிர் வீடு. அச்சு எந்த வீட்டில் இருக்கிறதோ, அந்த வீட்டு அடுப்பைச் சுற்றித்தான் அன்று சாயங்காலம் எல்லாப் பெண்களும். அச்சைக் கொதிக்கும் எண்ணெயில் சூடேற்றி, மாவில் முக்கால் பங்கு மட்டும் முக்க வேண்டும்; முழுதாக முக்கினால் மாவு மேலே மூடிக்கொண்டு கழலாது. நெய் உருண்டைக்கு, வறுத்து அரைத்த பாசிப்பயற்று மாவில் சர்க்கரை கலந்து, காய்ச்சிய நெய்யை ஊற்றி, சூடு இருக்கும்போதே பிடித்துவிட வேண்டும். ஆறினால் உதிர்ந்துவிடும். அன்று முழுவதும் பாட்டியின் உள்ளங்கை சிவந்தே இருக்கும் என்று அத்தை சொன்னார். எனக்கு உருண்டை ஞாபகம், அத்தைக்கு அந்தக் கை ஞாபகம்.

ஊறவைத்துக் காயவைத்த அரிசியைப் பையில் கட்டிப் பேருந்தில் தேக்கா (லிட்டில் இந்தியா) வரை கொண்டுபோய் மில்லில் அரைத்து வருவது தாத்தாவின் வேலை. தன் வீட்டு அரிசியோடு இன்னும் சில வீட்டு அரிசியும் சேர்ந்து போகும். பைகள் மாறிவிடக் கூடாது என்று பாட்டி ஒவ்வொரு பையிலும் வேறு வேறு நிற நூலைக் கட்டி அனுப்புவாராம். பணத்தைப் பற்றிக் கேட்டபோது அத்தை கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: பாட்டி ஒரு சீட்டில் இருந்தார், அது தீபாவளி மாதத்தில் தன் கைக்கு வரும்படி வருடத் தொடக்கத்திலேயே பேசி வைத்துவிடுவார். தாத்தாவின் சம்பளத்தில்தான் எல்லாம் நடந்தது என்று குடும்பமே நம்பியிருந்த ஒரு விஷயத்துக்குப் பின்னால் பாட்டியின் கணக்கு இருந்தது. பெண்களின் பணம் பெரும்பாலும் இப்படித்தான் பேசப்படாமல் கிடக்கிறது. அம்மாவிடம் கட்டாயம் கேளுங்கள்: சீட்டு யார் பிடித்தார், நகை எப்போது அடகுக்குப் போனது, எப்போது திரும்பி வந்தது. கூச்சப்படாமல், குறை சொல்லும் தொனி இல்லாமல் கேட்டால் சொல்வார்கள்.

அடுத்தது படையல். தீபாவளிக்கு முந்தின நாள் மாலையில், சில வீடுகளில் அன்று காலையில், இறந்துபோனவர்களின் படத்துக்கு முன்னால் வாழையிலை போட்டு அவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் வைப்பது இங்கே பல வீடுகளில் இன்றும் நடக்கிறது. அந்த இலையில் ஆட்டிறைச்சிக் குழம்பு இருக்கும், நண்டு இருக்கும், சில இலைகளின் ஓரத்தில் ஒரு போத்தல் ஸ்டௌட்டும் சிகரெட்டும்கூட இருக்கும். ஒரு மனிதர் எப்படி வாழ்ந்தார் என்று இவ்வளவு நேராகச் சொல்வது வேறெதுவும் இல்லை என்றே நினைக்கிறேன். நான் பதிவு செய்த ஒரு குடும்பத்தில், பாட்டி ஒவ்வொரு வருடமும் இலையில் ஒரு கச்சாங் பூத்தே (கடலை, பட்டாணி வகைகள்) பொட்டலம் வைப்பார். தாத்தாவுக்குக் கடலை பிடிக்கும்போல என்று பேரப்பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். ஒருநாள் பேத்தி கேட்டேவிட்டாள். கல்யாணமான புதிதில் இரண்டு பேருக்கும் பேச்சே வராதாம். சினிமாக் கொட்டகை வாசலில் ஒரு பொட்டலம் வாங்கி, "உனக்குப் பட்டாணியா, கடலையா?" என்று கேட்டாராம் தாத்தா. அவர் தன்னிடம் கேட்ட முதல் கேள்வியே அதுதான் என்றார் பாட்டி.

உங்கள் வீட்டில் தாத்தா இலையிலும் பாட்டி இலையிலும் என்னென்ன வைக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் காட்டி, இதை முதலில் வைத்தது யார், உயிரோடு இருந்தபோது அவர் இதை எங்கே வாங்கிச் சாப்பிடுவார், யாரோடு சாப்பிடுவார் என்று அப்பாவிடம் கேளுங்கள். ஆண்கள் பெரும்பாலும் சமையலைப் பற்றிப் பேச மாட்டார்கள், ஆனால் இலையைப் பற்றிப் பேசுவார்கள். அப்புறம், படையலில் காலப்போக்கில் எது விடுபட்டது என்றும் கேளுங்கள். விட்டவர் யார், ஏன் விட்டார் என்பதில் ஒரு குடும்பத்தின் பாதிக் கதை இருக்கும்.

வருடம் தெரியாததால் எழுத முடியவில்லை என்று பலர் சொல்கிறார்கள். பெரியவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்டால் பேச்சு அறுந்துவிடும். ஊரறிந்த ஒரு நிகழ்ச்சியைப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் வருடம் தானாக வரும். பட்டாசை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் 1970இல் கட்டுப்பாடு வந்தது, 1972இல் முழுத் தடை. தாத்தா வீட்டு வாசலில் சரவெடி கொளுத்தியது அப்பாவுக்கு ஞாபகம் இருந்தால் அது தடைக்கு முந்தின தீபாவளி. கம்பி மத்தாப்பு மட்டும்தான் என்றால் பிந்தினது. தைப்பூசம் ஒரு காலத்தில் பொது விடுமுறை நாள். 1968இல் விடுமுறைப் பட்டியலைச் சுருக்கியபோது இந்துக்களுக்குத் தீபாவளி நின்றது, தைப்பூசம் போனது. நபிகள் நாயகம் பிறந்த நாளும் ஈஸ்டர் திங்களும் அதே சமயத்தில்தான் போயின. "தைப்பூசத்துக்கு லீவு, தாத்தா தோள்ல உட்கார்ந்து பெருமாள் கோயில்ல இருந்து டேங்க் ரோடு வரைக்கும் காவடி பார்த்துக்கிட்டே போனேன்" என்று அப்பா சொன்னால் அது அதற்கு முந்தின காலம். பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுப் போன கதை என்றால் பிந்தினது. தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது 1963 பிப்ரவரி 15. அப்போது பெரும்பாலானோர் பார்த்தது சமூக மன்றத்தில், தரையில் உட்கார்ந்து. வண்ணம் வந்தது 1974இல்.

எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் பெரிய அடையாளம் வெள்ளைக்காரன் போன வருஷம். பிரிட்டிஷ் படைகள் வெளியேறும் என்று 1968 ஜனவரியில் அறிவித்தார்கள். அந்த டிசம்பரிலேயே கடற்படைக் கப்பல் பட்டறை சிங்கப்பூர் அரசின் கைக்கு மாறி, செம்பவாங் கப்பல் பட்டறை ஆனது. 1971 இறுதிக்குள் படைகள் பெரும்பாலும் போய்விட்டன. இடையில் இருந்த அந்த மூன்று வருடத்தில் தளத்துக் குடும்பங்களில் வேலை என்னாகும், ஊருக்குத் திரும்புவதா, குடியுரிமை வாங்குவதா என்ற பேச்சுதான் ராத்திரிச் சாப்பாட்டில். குழந்தைகளுக்கு அது எதுவும் தெரியாது. சில நண்பர்கள் அடுத்த விடுமுறைக்குப் போனபோது இல்லை, அவ்வளவுதான் தெரியும். உங்கள் ஞாபகத்திலும் இப்படித் திடீரென்று காணாமல் போன பிள்ளைகள் இருந்தால், அந்தப் பெயர்களைச் சொல்லி அப்பாவிடம் கேளுங்கள்.

பாட்டி வீட்டில் ஒரு முறை மாதக்கணக்கில் இருந்தது ஞாபகம் இருந்து, காரணம் மட்டும் தெரியாவிட்டால், தம்பி தங்கையின் பிறந்த தேதியைப் பாருங்கள். அம்மா பிரசவத்துக்குக் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனைக்குப் போனால் மூத்த பிள்ளை பாட்டி வீட்டுக்குப் போய்விடும். 1966ஆம் ஆண்டு அந்த ஒரு மருத்துவமனையில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன; அது அப்போது உலக சாதனை. அந்த வருடம் தீவு முழுவதும் எத்தனை மூத்த பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு பாட்டி வீட்டுக்குப் போயிருப்பார்கள்! பூண்டும் மிளகும் நல்லெண்ணெயும் கலந்த ஒரு வாசனை, சுறாப்புட்டு, மூடிய ஜன்னல், உள்ளே போகாதே என்ற அதட்டல் இவை ஞாபகம் இருந்தால், நீங்கள் பத்தியச் சமையல் நடந்த வீட்டில் இருந்திருக்கிறீர்கள்.

பள்ளி நாட்காட்டியும் நம் ஞாபகங்களை வடிவமைத்திருக்கிறது. இங்கே பள்ளி ஜனவரியில் தொடங்கும். ஜூனில் நான்கு வாரம், வருடக் கடைசியில் ஆறு வாரம் நீண்ட விடுமுறை. பொங்கல் வருவது பள்ளி திறந்த கொஞ்ச நாளில். அது பொது விடுமுறையும் இல்லை. அதனால்தான் எங்கள் தலைமுறையில் பலருக்குப் பொங்கல் என்றால் விடியற்காலை, சீருடை, வாயைச் சுடும் சர்க்கரைப் பொங்கல், பள்ளிப் பேருந்துக்கு ஓட்டம். தீபாவளி வருடக் கடைசித் தேர்வுகளை ஒட்டியே வரும். பரீட்சை முடிந்த நிம்மதியும் பண்டிகையும் ஒன்றாகக் கலந்துபோய்விடுகின்றன.

ஜூன் மாதம் வேறு மாதிரி. தமிழர்களுக்குப் பெரிய பண்டிகை எதுவும் இல்லாத விடுமுறை அது. எழுதுகிறவர்கள் ஜூனைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் சொல்வேன், உங்கள் தாத்தா பாட்டி வீட்டின் சாதாரண நாள் ஜூனில்தான் இருக்கிறது, அங்கே அதிக நேரம் செலவழியுங்கள். எங்கள் தாத்தா வீட்டில் காலை என்றால் கப்பல் பட்டறைச் சங்கு. அந்தச் சத்தத்துக்கு முன்னால் அவர் குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, சைக்கிளைத் துடைத்து வைத்திருப்பார். சங்கு ஊதியதும் சந்து முழுவதும் சைக்கிள் மணி. பிறகு வீடு பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும். ரொட்டிக்காரர் வருவார். பாட்டி கோழிக்குத் தவிடு பிசைவார். பத்து மணிக்கு வானொலியில் தமிழ் நிகழ்ச்சி. அது முடியும்வரை பிள்ளைகள் வாயைத் திறக்கக் கூடாது. மத்தியானம் பாட்டி சிமெண்டுத் தரையில் தலையணை இல்லாமல் படுப்பார். நாங்கள் திண்ணையில் ஐந்து கல் ஆடுவோம். சாயங்காலம் ஐந்து காசுக்கு ஐஸ் பந்து. துருவிய ஐஸை உருட்டிச் சிவப்புச் சர்பத் ஊற்றிக் கையில் கொடுப்பார்கள். முழங்கை வரை வழியும். திரும்பவும் சங்கு, திரும்பவும் சைக்கிள் மணி. ஒரு கதையும் நடக்காத நாள்தான். ஆனால் என் பிள்ளைகள் இந்தப் பகுதியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள், ஏனென்றால் அவர்கள் வாழ்க்கையில் இதில் ஒன்றுகூட இல்லை.

உங்கள் தாத்தா பாட்டி இருந்தது கம்பத்து (கிராமத்து) வீடா, அடுக்குமாடி வீடா என்று நீங்கள் சொல்லவில்லை. எதுவானாலும், எழுதுவதற்கு முன்னால் அம்மாவையும் அப்பாவையும் தனித்தனியாக உட்காரவைத்து அந்த வீட்டின் படத்தைத் தாளில் போடச் சொல்லுங்கள். அடுப்பு எங்கே, சாமி படம் எங்கே, குழாய் எங்கே, ராத்திரி யார் எங்கே படுத்தார்கள். படுக்கிற இடத்தைக் கேட்டால் மறந்துபோன ஆட்கள் எல்லாம் வந்துவிடுவார்கள்: ஜொகூர் தோட்டத்திலிருந்து வேலை தேடி வந்து கூடத்தில் பாய் விரித்த மாமா, வாடகைக்கு ஒரு அறையில் இருந்தவர், திருமணம் ஆகும்வரை கூடவே இருந்த ஒன்றுவிட்ட சித்தி. இரண்டு படமும் ஒத்துப்போகாது. அது நல்லது. ஒருவர் மருமகளாக அந்த வீட்டுக்குள் வந்தவர், மற்றவர் அங்கேயே வளர்ந்தவர். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பத்திலிருந்து அடுக்குமாடிக்கு மாறிய நாளையும் கேளுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) 1960 பிப்ரவரியில் தொடங்கி முதல் ஐந்து வருடத்திலேயே 50,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. எந்தக் குடும்பமாக இருந்தாலும் ஒரு நாள் லாரியில் சாமான் ஏறியிருக்கும். எது ஏறியது, எதை விட்டுவிட்டுப் போனார்கள்? அம்மியும் ஆட்டுக்கல்லும் போனதா? மாடியில் போட்டு அரைத்தால் கீழ் வீட்டுக்குச் சத்தம் கேட்குமே, என்ன செய்தார்கள்? கோழிகளை யாருக்குக் கொடுத்தார்கள்? நிறைய பாட்டிகளுக்கு அது விருப்பமில்லாத மாற்றம். குழாய்த் தண்ணீரும் மின்விளக்கும் வந்தது மகிழ்ச்சிதான். ஆனால் திண்ணை போய்விட்டது. தாழ்வாரத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, அதையே திண்ணையாக்கிக்கொண்ட பாட்டிகளைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அந்தத் தாழ்வாரத்தில்தான் பலகாரத் தட்டு போய் வந்தது. தீபாவளிக்கு மலாய் மக்சிக் (அத்தை முறைப் பெண்மணி) வீட்டுக்கும் சீன ஆன்ட்டி வீட்டுக்கும் தட்டு கொண்டுபோவது பிள்ளைகளின் வேலை. தட்டு வெறுமையாகத் திரும்பாது. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். நோன்புப் பெருநாளுக்குக் கெத்துப்பாட் என்ற அரிசிக் கட்டியும் கூவே என்ற பலகாரமும் இந்தப் பக்கம் வரும், சீனப் புத்தாண்டுக்கு இரண்டு ஆரஞ்சும் அங்பாவ் என்ற சிவப்புப் பண உறையும். இதை "இன நல்லிணக்கம்" என்று ஒரே சொல்லில் எழுதி முடித்துவிடாதீர்கள், பள்ளிக் கட்டுரை மாதிரி ஆகிவிடும். எந்த வீட்டுக்கு எதை அனுப்பக் கூடாது என்று பாட்டிக்குத் தெரிந்திருந்தது, அந்த ஆன்ட்டிக்கும் தெரிந்திருந்தது. அதை யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், எந்த மொழியில் பேசிக்கொண்டார்கள் என்று எழுதுங்கள். பெரும்பாலும் அது சந்தை மலாயாக இருந்திருக்கும். பாட்டி பேசிய சில வாக்கியங்கள் அப்பாவுக்கு இன்னும் அப்படியே வாயில் இருக்கும்.

நீங்கள் தீபாவளியைச் சொன்னதால் அதையே விரிவாகச் சொன்னேன். தமிழ் முஸ்லிம் குடும்பத்தவர் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் இதே வழிதான். தஞ்சோங் பகார் பக்கத்தில் கடையநல்லூர், தென்காசிக் குடும்பங்கள் நிறைய இருந்தன. பெருநாளைவிட நோன்பு மாதத்தைக் கேளுங்கள், பள்ளிவாசல் கஞ்சிக்குத் தூக்குச்சட்டியோடு போனது எந்தப் பிள்ளை என்று. கிறிஸ்துவக் குடும்பங்களுக்குக் கிறிஸ்துமஸ் நீண்ட விடுமுறைக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஓஃபிர் சாலையில் 1888இல் திறந்த லூர்து மாதா தேவாலயம் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஒன்றுகூடும் இடமாக இருந்து வந்திருக்கிறது. நள்ளிரவுப் பூசைக்கு முன்னால் வீட்டில் என்ன நடந்தது என்பதுதான் கேள்வி.

ஒரு விஷயத்தில் நிதானம் வேண்டும். உங்கள் தாத்தா பாட்டி 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் காலத்தைப் பார்த்தவர்களாக இருக்கலாம். அந்தத் தலைமுறையில் சில வீடுகளில் காரணம் சொல்லாத சட்டங்கள் இருந்தன. மரவள்ளிக்கிழங்கு வீட்டுக்குள் வரக் கூடாது. தட்டில் ஒரு பருக்கை விடக் கூடாது. அரிசி மூட்டை எப்போதும் ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இது தாத்தாவின் கடுமையாகவே தெரிந்தது. பஞ்ச காலத்தில் கிழங்கைத் தின்றே உயிர் பிழைத்த ஒருவர் அதை மறுபடி பார்க்க விரும்பாததில் வியப்பில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டார்கள், பலர் திரும்பவில்லை. தாத்தாவின் அண்ணன் தம்பி யாராவது குடும்பப் பேச்சில் பெயர் மட்டும் இருந்து கதை இல்லாமல் இருந்தால், மெதுவாக ஒரு முறை கேளுங்கள். அப்பா பதில் சொல்லாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். "இதைப் பற்றி வீட்டில் பேச மாட்டார்கள்" என்று எழுதுவதும் ஒரு பதிவுதான்.

எப்படிப் பதிவு செய்வது என்றும் கேட்பீர்கள். கைத்தொலைபேசி போதும். மேசையில் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து நேர்காணல் மாதிரி ஆரம்பித்தால் அம்மா மேடைப் பேச்சு பேசத் தொடங்கிவிடுவார். கையில் வேலை இருக்கும்போது கேளுங்கள்: கீரை ஆயும்போது, பழைய புகைப்பட ஆல்பத்தைத் துடைத்து அடுக்கும்போது. புகைப்படத்தின் பின்பக்கத்தையும் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரை, ஊருக்கு அனுப்ப எழுதிய இரண்டு வரி என்று ஏதாவது இருக்கும். பழைய பிறப்புச் சான்றிதழில் அப்போதைய முகவரி கிடைக்கும். தகரப் பெட்டி ஒன்று வீட்டில் இருந்தால் அது எந்தக் கப்பலில் வந்தது என்று கேளுங்கள். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு வழியாக இங்கே வந்த ரஜுலா கப்பல் 1926இல் கட்டப்பட்டு 1970களின் தொடக்கம் வரை ஓடியது. அந்தப் பெயரைச் சொன்னாலே சில பெரியவர்களுக்கு முகம் மாறிவிடும்.

முடிந்தால் அம்மாவையும் அவருடைய தங்கையையும் சேர்த்து உட்காரவையுங்கள். ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுப்பார், அந்த மறுப்பில்தான் புதிய விஷயம் விழும். இடையில் புகுந்து யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். எழுதும்போது அவர்கள் பேச்சை எழுத்துத் தமிழுக்கு மாற்றிச் சீர்படுத்தவும் வேண்டாம். பாட்டி "போயி ஒக்காரு" என்றுதான் சொன்னார் என்றால் அப்படியே எழுதுங்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து வேகமாக வராவிட்டால் பதிவைக் கேட்கட்டும். குரலில் அவர்களுக்கு எல்லாம் புரியும்.

குடும்பத்துக்கு வெளியேயும் உதவி இருக்கிறது. கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களைத் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி இணையத்தளத்தில் தேதி வாரியாகப் பார்க்கலாம். அப்பா பிறந்த வாரத்தின் இதழை எடுத்துக்கொடுத்துப் பாருங்கள், துணிக்கடை விளம்பரத்திலிருந்தும் சினிமா விளம்பரத்திலிருந்துமே ஒரு மணி நேரம் பேசுவார். தேசிய ஆவணக் காப்பகத்தில் 1979 முதல் வாய்மொழி வரலாற்றுப் பேட்டிகளைச் சேர்த்து வருகிறார்கள், தமிழில் பேசியவர்களும் அதில் உண்டு. உங்கள் தாத்தா இருந்த வட்டாரத்தைச் சேர்ந்த ஒருவருடைய பேட்டியைக் கேட்டால், என்ன கேள்வி கேட்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

பழைய அண்டை வீட்டாரைத் தேடுவதற்குக் கோயில்தான் சிறந்த இடம். செம்பவாங் கடற்படைத் தளத்துத் தொழிலாளர்கள் மரத்தடியில் வைத்து வழிபடத் தொடங்கிய முருகன்தான் இப்போது ஈசூனில் இருக்கும் புனித மரம் பாலசுப்பிரமணியர் ஆலயத்தில். தீவின் பல மூலைகளுக்குப் பிரிந்துபோன தளத்துக் குடும்பங்கள் பங்குனி உத்திரத்துக்கு அங்கே கூடுகின்றன. பாட்டியின் பெயரைச் சொல்லி என்னை அடையாளம் கண்டவர்கள் அங்கே இருந்தார்கள். என் அம்மாவுக்கே தெரியாத விஷயங்களை அவர்களிடம்தான் கேட்டேன். உங்கள் குடும்பத்துக்கும் அப்படி ஒரு கோயிலோ பள்ளிவாசலோ தேவாலயமோ இருக்கும். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

எழுதி முடித்ததும் முதலில் அப்பா அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். நீக்கச் சொல்வதைக் கேள்வி கேட்காமல் நீக்கிவிடுங்கள், குறிப்பாகக் கடன், அடகு, நின்றுபோன கல்யாணம் இவற்றைப் பற்றியவற்றை. ஆனால் ஒலிப்பதிவை அழிக்காமல் குடும்பத்துக்குள் வைத்திருக்க அவர்களிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே கொடுப்பதாக இருந்தால் அடையாள அட்டை எண், முழு முகவரி போன்றவற்றை எடுத்துவிடுங்கள். பதிவுகளை இரண்டு இடங்களில் சேமித்து, ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் பேசியவர் பெயரையும் பதிவு செய்த தேதியையும் போட்டு, ஒரு பிரதியைத் தங்கை வீட்டுக்கும் அனுப்பிவிடுங்கள்.